காலையின் முதல் படம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். சர்க்கரை மாத்திரையை மறக்காமல் போடுகிறீர்களா? அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

இங்கே கண் ஆஸ்பத்திரியில் ஒரு வேடிக்கை. விழித்திரையைப் படமெடுக்கும் கேமரா சரியாக இருக்கிறதா என்று பார்க்க, தினமும் காலையில் முதல் படம் என் கண்ணில்தான் எடுப்போம். படம் தெளிவாக விழுந்ததா என்று மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவேன். போன வாரம் புது டாக்டர் அந்தப் பெயரில்லாத படத்தோடு ஓடி வந்தார்.

"இந்த பேஷண்ட் கிளம்பிட்டாரா? கூப்பிடுங்க, சர்க்கரை கண்ணுக்கு வந்திருக்கு."

"நான்தான் டாக்டர்" என்றேன். அவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்றே தெரியவில்லை.

பயப்பட ஒன்றுமில்லை. ஓரத்தில் இரண்டே சிவப்புப் புள்ளிகள். எனக்குச் சர்க்கரை இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. மாத்திரை ஆரம்பித்தாயிற்று, அவ்வப்போது படமெடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

"கண்ணு நல்லாத்தானே தெரியுது, எதுக்கு டெஸ்ட்டு?" என்று வருஷக்கணக்காகத் தட்டிக்கழிக்கிறீர்கள். எனக்கும் நன்றாகத்தான் தெரிந்தது அப்பா. இந்த வாரமே போங்கள். சொட்டு மருந்து விட்டால் கொஞ்ச நேரம் மங்கலாக இருக்கும், வண்டி எடுக்காதீர்கள். அம்மாவைக் கூட்டிப்போங்கள்.

அங்கே உங்கள் கண்ணை எடுக்கும் படத்தை எனக்கு அனுப்புங்கள். அடுத்தவர் வந்து உட்கார்ந்துவிட்டார், முடிக்கிறேன். நாலு வருஷமாக யார் யார் கண்ணையோ உள்வரைக்கும் பார்த்துவிட்டேன். உங்கள் கண்ணைத்தான் பார்க்கவே இல்லை.

உங்கள் மகள்