நாலாவது வரி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம் என்று இந்தத் தடவை ஆரம்பிக்க மாட்டேன். அந்த ஒரு சொல்லால்தான் அப்பாவின் ஊன ஓய்வூதிய மனு இரண்டாம் முறையும் தள்ளுபடியானது.

பட்டாளத்தில் இருந்தபோதுதான் காது போனது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று முதலில் திருப்பியனுப்பினார்கள். அம்மா பெட்டியைக் கிளறி, பக்கத்துப் பீரங்கி வெடித்துச் சிதறிய வாரம் அப்பா எழுதிய கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். நாலாவது வரியில் தெளிவாக இருக்கிறது: ‘மூன்று நாளாக இடது காதில் ஒன்றும் விழவில்லை, வலது காதில் ஒரே இரைச்சல்.’ மேல்முறையீட்டோடு நகலை இணைத்தேன். ஏழு மாதம் மூளையைக் கசக்கி அவர்கள் எழுதிய பதில் இது: ‘மேற்படி கடிதத்தின் முதல் வரியிலேயே மனுதாரர் தாம் நலமென்று கூறியுள்ளார். எனவே கோரிக்கை ஏற்கத்தக்கதல்ல.’ இந்த மேதாவித்தனத்துக்கு இரண்டு கையெழுத்து, ஒரு முத்திரை.

அப்பாவோடு நேரில் போனேன். செவிடர்களின் மனுவைப் பார்க்கும் பிரிவில் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், அதுவும் வாயில் பிஸ்கட்டை மென்றுகொண்டு. சாகக் கிடப்பவன்கூட வீட்டுக்கு எழுதினால் நலம் என்றுதான் ஆரம்பிப்பான் என்றேன். எழுத்தில் இருப்பதைத்தான் பார்க்க முடியும் என்றார் கண்காணிப்பாளர். நாலாவது வரி மட்டும் என்ன, கோலமா என்று கேட்டேன். அந்த மகான் அப்பா பக்கம் திரும்பி ஏதோ முணுமுணுத்தார். அப்பா வழக்கம்போலச் சிரித்துத் தலையாட்டினார்.

“பாரும்மா, ஐயாவே ஒத்துக்கறாரு.”

வெளியே வந்ததும் அப்பா, ‘தங்கமான மனுஷன், என்ன சொன்னார்?’ என்று கேட்டார்.

இனி ஒரே ஒரு மேல்முறையீடுதான். முப்பது நாளுக்குள் அனுப்பாவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள். தானே எழுதுவேன் என்று அப்பா பிடிவாதமாக உட்கார்ந்தார். எட்டிப் பார்த்தேன். ‘ஐயா, நான் நலம்.’ பிடுங்கிக் கிழித்துப் போட்டேன். இப்போது நான் எழுதுகிறேன். நாலாவது வரியைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டுவிட்டேன். குருடனுக்கும் தெரியும், அவர்களுக்குத் தெரியுமா பார்ப்போம்.

உன் போன கடிதத்தையும் எடுத்துப் படித்தேன். முதல் வரியில் பரம நலம். ஒன்பதாவது வரியில், வண்டி கவிழ்ந்ததிலிருந்து இடுப்பு கொஞ்சம் பிடிக்கிறது என்று நுழைத்திருக்கிறாய். நாளைக்கே உன் பட்டாள முகாம் மருத்துவரிடம் போ. உன் எதிரிலேயே எழுதச் சொல், தேதி போடச் சொல். அடுத்த கடிதத்தை இடுப்பிலிருந்து ஆரம்பி. இடம் மிச்சமிருந்தால் நலத்தைக் கடைசியில் எழுதிக்கொள்.

முழுசாக வந்து சேர்.

உன் அக்கா