ஆறு எலிகளின் ஈரல்

டிசம்பர் 7, 1964. திங்கள்.

பனி. மல்லேஸ்வரத்திலிருந்து ஆய்வகம் வரை சைக்கிள். விரல்கள் மரத்துப்போயின. ஆனாலும் வழியெல்லாம் பாட்டு. நல்லவேளை, தெருவில் ஆளில்லை.

இன்று எலிகளுக்கு ஆவி. கண்ணாடிப் பெட்டி, அடியில் பஞ்சு, பஞ்சில் கார்பன் டெட்ராகுளோரைடு. சலவைக் கடையில் பட்டுப் புடவைக் கறை எடுக்கும் அதே திரவம். இனிப்பு வாசனை, ஈரலுக்கு விஷம்.

கூண்டு 1: ஆறு எலிகள், ஒரு மாதமாக வைட்டமின் ஈ.
கூண்டு 2: ஆறு எலிகள், வைட்டமின் ஈ இல்லாத தீனி.

இந்த வைட்டமின் ஈரலைக் காக்குமா? என் கேள்வி மொத்தமும் இவ்வளவுதான்.

டாக்டர் (எங்கள் துறைத் தலைவர்): "இந்தத் தடவையும் வித்தியாசம் தெரியலேன்னா மூடிடலாம்மா. வேற தலைப்பு தரேன்."

வேறு வேண்டாம். நானாகத் தேடிப் பிடித்தது இது ஒன்றுதான்.

வாங்க: மை, ஹேர்பின், காபிப் பொடி.

டிச. 8. செவ்வாய்.

ஈரல் பார்த்தாயிற்று. கூ. 1: ஆறும் செம்பழுப்பு, வழவழப்பு. அழகு. (ஈரலுக்கு இந்தச் சொல்லை எழுதுவேன் என்று நினைத்ததில்லை.)

கூ. 2: ஆறும் வெளுத்து, கொழுப்பேறி இருக்க வேண்டும். இரண்டுதான் அப்படி. மற்ற நான்கும் நலம். எது எந்த எலி என்பது, மஞ்சள் சாய அடையாளத்துடன், நோட்டில்.

பெட்டி கசிந்ததா? திரவம் குறைவா? மூன்று முறை பார்த்தேன். இல்லை.

டாக்டரிடம் நாளை மறுநாள்.

டிச. 9. புதன்.

காலை. முனுசாமி கதவருகே. எலிகளைப் பார்த்துக்கொள்பவர், ஈஜிபுராக்காரர், என் வயதுதான், என் சைக்கிளைத் தினமும் கேலி செய்பவர். இன்று கேலி இல்லை.

"மிஸ், ஒண்ணு சொல்றேன், திட்டக்கூடாது. போன வாரம் திங்கக்கெழம பசவனகுடி கடலேகாய் பரிஷெக்கு, அதான் கடலைத் திருவிழாவுக்கு, போனேன்ல."

"லீவ் லெட்டர்கூட தராம."

"ரெண்டு சேர் வாங்கினேன். ரெண்டாங் கூண்டுதான் முடி கொட்டி டல்லா கெடந்துது. ஒரு வாரமா தெனம் உரிச்சிப் போட்டேன். மொத கூண்டுக்கு நீங்க மருந்து தரீங்க. இதுங்களுக்கு யாரு இருக்கா?"

வேர்க்கடலை. வைட்டமின் ஈ நிறைய. அது ஒட்டாமலிருக்கத்தான் ஒரு மாதம் பார்த்துப் பார்த்துத் தீனி கலந்தேன்.

கோபம். பாதியில் நின்றது. அவர் கண்ணில் படாதபடி நோட்டைக் கையால் மூடிக்கொண்டேன்.

"எல்லாமே தின்னுச்சா?"

"ரெண்டு தொடவே இல்ல. வால்ல மஞ்ச வச்சது ஒண்ணு, மாமியார்னு பேரு வச்சிருக்கேன், எது குடுத்தாலும் மொறைக்கும். அப்புறம் எடது காதுல மஞ்ச வச்சது."

கையை எடுத்தேன். வெளுத்த ஈரல்கள்: வால். இடது காது.

மறுபடி படித்தேன். அப்புறம் இன்னொரு தடவை, சத்தமாக. உட்கார முடியவில்லை.

டிச. 10. வியாழன்.

முனுசாமியையும் அழைத்துப் போய் டாக்டரிடம் எல்லாம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் அளவுக்குச் சிரித்தார்.

"ரெண்டு எலியை வச்சு எதையும் நிரூபிக்க முடியாதும்மா. ஆனா இனிமே மூடவும் முடியாது. முதல்லேர்ந்து செய். கடலைக்குன்னு மூணாவது கூண்டு. முனுசாமி, எடை போட்டுத்தான் போடணும். நோட்டுல கையெழுத்து."

முனுசாமி தலையாட்டினார். பிறகு: "வறுத்ததா சார், பச்சையா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அவரை.

"நாலு கூண்டு" என்றார்.

நாலாவதை வைக்க இடமில்லை. என் மேஜையைக் காலி செய்துகொண்டிருக்கிறேன்.