நெட்டைக் கால் பெட்டை

அக்கா,

இன்று காலை அடைக்கூடையைத் தூக்கியதும் ஈரம் காயாத குஞ்சுகளின் வாடை முகத்தில் அடித்தது. வைத்தது ஆறு முட்டை, பொரித்தது ஆறு. என் குணம்தான் உங்களுக்குத் தெரியுமே! பக்கத்துக் கூடையிலிருந்து ஏதாவது தாவி வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு மறுபடி எண்ணினேன். ஆறேதான். உடனே உங்களிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

கணபதி ஏரியாவில் உங்கள் வீட்டுக்காரரின் லேத் பட்டறைக்குப் பின்னால் பேண்டம் கோழி வளர்த்தீர்கள். புறாவைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். ஆனால் சேவல்கள் மார்பைத் தூக்கிக்கொண்டு நடப்பதைப் பார்த்தால், பட்டறையே அவற்றின் பேரில் இருக்கிற மாதிரி இருக்கும். அந்த ஜப்பான் ரகத்துக்கு அழகே தரையோடு ஒட்டிய குட்டைக் கால். நான் ஒரு ஜோடி கேட்டேன். குட்டைக் கால் சேவலையும் நெட்டைக் கால் பெட்டையையும் எடுத்து நீட்டினீர்கள்.

"ரெண்டும் குட்டையா வெக்காதே அம்மணி, கலந்து வெச்சாத்தான் குஞ்சு தங்கும்" என்றீர்கள். மேலே ஏதோ சொல்ல வந்தீர்கள். நான் அதற்குள் படியிறங்கிவிட்டேன். நல்லதைத் தனக்கு வைத்துக்கொண்டு, கழித்ததை என் தலையில் கட்டுகிறார் இந்த அக்கா என்று தோன்றிவிட்டது. பால்காரரின் அளவு முதல் கேஸ் சிலிண்டரின் எடை வரை சந்தேகப்படுகிற எனக்கு, இதில் மட்டும் சந்தேகம் வராமல் போகுமா?

நெட்டைக்காலியைச் சத்தியமங்கலத்து நாத்தனாரிடம் தள்ளிவிட்டு, வேறோர் இடத்தில் குட்டைக் கால் பெட்டை ஒன்றை வாங்கிச் சேர்த்தேன். எட்டு முட்டையில் மூன்று குஞ்சுகள் ஓட்டுக்குள்ளேயே செத்துக் கிடந்தன. அடுத்த ஈட்டிலும் அதே கதை. புதுப் பெட்டையின் மேல் சந்தேகமே வரவில்லை, அது நானே தேர்ந்தெடுத்ததல்லவா? நேரே பட்டறை வாசலுக்கு வந்து, வேலையாட்கள் பார்க்க, "கோளாறுன்னு தெரிஞ்சுதானே அக்கா இந்தச் சேவலைக் குடுத்தீங்க?" என்று கேட்டேன்.

தீவனக் கிண்ணத்தைக் கீழே வைத்தீர்கள். "அப்படிங்களா? சரிங்க, நீங்க போயிட்டு வாங்க." அதுவரை என்னை நீங்கள் அப்படி மரியாதை போட்டுப் பேசியதே இல்லை. அதையும் நடிப்பென்றுதான் நினைத்தேன்.

பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து, என்னை ஒரு எட்டு வரச்சொல்லி ஆள் அனுப்பினீர்கள். பறவைக் கண்காட்சி நெருங்கிக்கொண்டிருந்த நேரம். கண்காட்சி வேலையாக என்னிடம் ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது, அதற்குத்தான் உடம்பைச் சாக்கு சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். போகவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் உங்கள் வீட்டுக்காரர் கூப்பிட்டார். எத்தனையோ முறை பார்த்த கூண்டுகள்தான். அன்றைக்குத்தான் கால்களைப் பார்த்தேன். ஒவ்வொரு கூண்டிலும் ஒன்று குட்டை, ஒன்று நெட்டை.

"ரெண்டும் குட்டையா இருந்தா நாலுல ஒண்ணு முட்டைக்குள்ளயே போயிருமுங்க. அந்த ரகத்தோட வாகே அதுதானுங்க. அவ சொல்லலீங்களா?" என்றார். சொல்ல வந்தீர்கள், நான்தான் நிற்காமல் படியிறங்கிவிட்டேன் என்றேன்.

"இதுகள நீங்கதான் எடுத்துக்கோணும்னு சொல்லிப்போட்டுத்தானுங்க போனா. 'அந்த அம்மணி ஒருத்தரையும் நம்பாது, அதுகிட்ட இருந்தா என்ற கோழிய எவனும் ஏமாத்தி வாங்க முடியாது'ன்னா."

அதைக் கேட்ட பிறகும் நான் என்ன செய்தேன் தெரியுமா, அக்கா? அவர் நீட்டிய நெட்டைக் கால் பெட்டையை வாங்கி, இறக்கையைத் தூக்கி, செள்ளுப் பூச்சி இருக்கிறதா என்று பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. அங்கேயே, அவர் முன்னாலேயே அழுதுவிட்டேன். இன்று குஞ்சு பொரித்திருப்பது அதுதான்.

என் சந்தேகம் என்னை விட்டுப் போகவில்லை, இனிப் போகவும் போகாது. ஆனால் யாராவது வரச்சொல்லி அனுப்பினால், எதற்கு என்று கேட்காமல் கிளம்பிவிடுகிறேன். அன்றைக்குக் கோழிகளை ஒப்படைக்கக் கூப்பிட்டீர்களா, சும்மா என்னைப் பார்க்கத்தான் கூப்பிட்டீர்களா? விசாரிக்க இனி ஆளில்லை. என்னைப் பார்க்கத்தான் என்று நம்புகிறேன், அக்கா.