கொடி வரவேண்டிய இடம்

வியாழன், இரவு

படத்துக்கான டம்மித் துப்பாக்கி என்றுதான் இவர் சொன்னார். வில்லன் கையில் மின்ன வேண்டுமாம். பழைய தங்க முலாமை எடுத்துவிட்டு, பூங்கொடி செதுக்கி, மறுபடி முலாம் பூச வேண்டும்.

மதியம் தட்டாஞ்சாவடியில் இவர் பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது பார்த்தேன். முலாம் போன பக்கவாட்டில், விரல் அகலத்துக்கு அரத்தால் ராவிய தடம். ஓரத்தில் ஒரு எண்ணின் அடிப்பகுதி மட்டும் மிச்சம். கொடி சரியாக அங்கேதான் ஆழமாக வரவேண்டும் என்று கொண்டுவந்த ஆள் சொல்லியிருக்கிறான்.

“ஏங்க, டம்மில நம்பர் எதுக்கு? அத ஏன் ராவணும்?”

“பி.எஸ்சி. படிச்சது போலீஸ் வேலைக்கா? அச்சு அசலா இருக்கட்டும்னு போட்டிருப்பான்” என்று சிரித்தார்.

“டம்மின்னா குழாய அடைச்சிருப்பாங்களே. பாத்தீங்களா?”

சிரிப்பு நின்றது. “தொறந்துதான் இருக்கு.”

“அப்ப போலீஸ்ல குடுத்துடலாங்க.”

“எப்படிக் குடுக்கறது? பாதிக் கொடிய வெட்டிட்டேன். நம்பர மறைச்சது யாருன்னு கேட்டா, என் கையத்தான காட்டணும்?”

பாப்பாவுக்கு இன்னும் இரண்டு வயதுகூட ஆகவில்லை. அவள் அப்பாவைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டால்?

படத்துக்கு என்ன பெயர் என்று இரவு சாப்பிடும்போது கேட்டேன். இன்னும் வைக்கவில்லையாம். அதை அந்த ஆள் சொன்னானா, இவரே சொல்கிறாரா, தெரியவில்லை. மீதியை வெட்டாதீர்கள் என்றேன். தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார்.

இப்போது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். தூங்குகிறவர் மூச்சு அப்படி இருக்காது.