நல்ல மாசம்

செப்டம்பர் 14, ஞாயிறு

பெரியம்மா இன்று பூச்சோங்கிலிருந்து வந்திருந்தார். வந்ததும் வழக்கம்போல் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கிள்ளானில் இந்த வீடு அவருடையது. நானும் அம்மாவும் இதில் இருக்கிறோம், அவ்வளவுதான். நாட்காட்டி மாட்ட நான் ஓர் ஆணி அடித்திருந்தேன். "இது எப்ப அடிச்சது?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அவர் சொன்ன செய்தியில் எனக்கு ஆணி மறந்துவிட்டது.

பெரியம்மா மகன் விமலன் அண்ணனுக்குக் கல்யாணம்! பெண் ரவாங்கில். மாசியில் கல்யாணம், தையில் பரிசம். கூறைப்புடவை எடுக்கச் சென்னைக்குப் போகிறார்கள். அம்மா பிரிக்பீல்ட்ஸில் ரவிக்கை தைக்கிறவர் என்பதால் அம்மாவையும் கூட்டிப் போவார்களாம்.

"நீதான் எந்நேரமும் புத்தகமும் கையுமா இருக்கியே. சென்னைக்கு எந்த மாசம் போனா நல்லதுன்னு பாத்துச் சொல்லு. நீயும் வாலா," என்றார் என்னிடம்.

நீயும் வாலா. என்னையும் வரச் சொல்கிறார்! நான் விமானத்தில் பறந்ததே இல்லை. ஜோகூருக்குக்கூட பஸ்ஸில்தான் போயிருக்கிறேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

பாஸ்போர்ட்டுக்குக் கொடுக்க இருந்த என் படத்தை அம்மாவிடம் காட்டினேன். காது இவ்வளவு பெரிதா எனக்கு?

செப்டம்பர் 21, ஞாயிறு

நமக்குப் பருவம் என்ற சொல்லே தேவையில்லை என்று இன்றுதான் புரிந்தது. காலையில் வெயில், நாலு மணிக்கு இடி, ஐந்து மணிக்கு மழை, ஆறு மணிக்குக் காயாத துணி. வருடம் முழுக்க இதேதான். சென்னை அப்படி இல்லை. அங்கே மாதத்துக்கு மாதம் குணம் மாறுகிறது. ஏப்ரல், மே, ஜூன் மூன்றிலும் வெயில் கொல்லும். மே மாதத்தில் கத்திரி வெயில் என்று அதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். ஜூலைக்குப் பிறகு சாயங்காலம் கடற்காற்று. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை வடகிழக்குப் பருவமழை. இது நம் மழை மாதிரி ஒரு மணி நேரத்தில் முடியாது. கடலில் புயல் வந்தால் நாள்கணக்கில் நிற்காது. பிறகு மழை போய்விடும், குளிர் வரும். அங்கேயும் குளிருமாம்! மக்கள் காதை மூடிக்கொள்வார்களாம்.

டிசம்பர் கடைசி, ஜனவரி. அதுதான் நல்ல நேரம். எங்கள் பள்ளி விடுமுறையும் அப்போதுதான். ஜனவரியில் புத்தகக் கண்காட்சியும் நடக்கும். (இதைப் பெரியம்மாவிடம் சொல்லக் கூடாது. எனக்காகத் தேர்ந்தெடுத்தேன் என்பார். எனக்காகவா தேர்ந்தெடுத்தேன்? கொஞ்சம்.)

செப்டம்பர் 27, சனி

மேசை அகலத்துக்கு ஒரு மாஜோங் தாள் வாங்கி, பள்ளியில் குழுவேலைக்குச் செய்வதுபோல் பன்னிரண்டு மாதத்தையும் கட்டம் போட்டு வரைந்தேன். மழைக்கு நீலம், வெயிலுக்குச் சிவப்பு, நல்ல மாதத்துக்குப் பச்சை. மே மாதத்தில் சிவப்புப் பென்சில் தீர்ந்துவிட்டது. அம்மா துணியில் கோடு போடும் சிவப்புச் சுண்ணக்கட்டியைக் கொடுத்தார். "இவ்வளவு அழுத்தியாடி அடிப்ப? எரியுது பாரு," என்று சிரித்தார். மே கட்டம் உண்மையிலேயே எரிவதுபோல் வந்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கட்டம் அதுதான்.

அக்டோபர் 5, ஞாயிறு

பூச்சோங் போனோம். பெரியம்மா வீட்டில் எப்போதும் ஏர்கான் ஓடும். அவருக்கு வெக்கை ஆகாது, தலை சுற்றும். நான் தாளை விரித்துச் சொல்ல ஆரம்பித்தேன். குரல் நடுங்காமல் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

டிசம்பர் கடைசி என்றதும் பெரியம்மா கையைத் தூக்கினார்.

"மார்கழியில கூறை எடுக்கச் சொல்றியா? கல்யாணத்துக்கு எடுக்கிறோமா, கருமாதிக்கு எடுக்கிறோமா?"

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும். எனக்கு முகம் எரிந்தது. மழையளவு, வெப்பநிலை எல்லாம் பார்த்தேன், மார்கழியைப் பார்க்கவில்லை. முழு முட்டாள்.

"அப்படின்னா தை பிறந்ததும் போகலாம், பெரியம்மா. ஒரு வாரம் பள்ளிக்கு லீவு போட்டுட்டு நானும் வந்துருவேன்."

"தையில பரிசம். அன்னைக்குத் தட்டுல கூறை இருக்கணும். வாழைப்பழத்த மட்டும் வச்சா கொடுக்கிறது?"

விமலன் அண்ணன் தனக்கு லீவு நவம்பர் கடைசியில்தான் என்றார். கார்த்திகை, நல்ல மாதம், டிக்கெட்டும் மலிவு என்று பெரியம்மா முடித்துவிட்டார்.

நான் விடவில்லை. நவம்பர் கடைசி வேண்டாம் என்றேன். நீலக் கட்டத்தைக் காட்டினேன். அது நம் மழை இல்லை, தெருவெல்லாம் தண்ணீர் நிற்கும் என்றேன்.

"மழைக்குப் பயந்தா மலேசியாவுல குடியிருக்க முடியுமாடி? தெனம் பெய்யுது. குடை இருக்குலா," என்றார் பெரியம்மா.

"வானிலை அம்மா வந்துட்டாங்க. கேக்கலைன்னா இடி விழும்," என்றார் விமலன் அண்ணன்.

அதன் பிறகு நண்டுக்கறி வந்தது. மேசையில் விரிக்க எதுவும் இல்லை என்று அண்ணன் என் தாளை எடுத்து விரித்துவிட்டார். எல்லாரும் நண்டு ஓட்டை அதன்மேல்தான் துப்பினார்கள். ஜனவரிமேல் குழம்பு ஊறிப் பச்சை கறுத்தது. நானும் சாப்பிட்டேன். நான் துப்பும்போது மட்டும் மே மாதத்தின்மேல் படாமல் பார்த்துக்கொண்டேன்.

அக்டோபர் 6, திங்கள்

பெரியம்மாவுக்கு உண்மையாகவே தெரியாது. அவர் வீடு மேட்டில், பதினோராவது மாடியில். நான் ஐந்தாம் ஆண்டு படிக்கும்போது இங்கே வெள்ளம் வந்தது. மழை இரண்டு நாள் நிற்காமல் பெய்ததும் கீழ்வீட்டு லூசி ஆன்டி வீட்டுக்குள் படகு வந்தது. அவருடைய குளிர்பெட்டி மிதந்ததை நான் பார்த்தேன். அதைப் பார்த்தவர்களுக்கு மழை என்றால் வேறு.

அம்மாவிடம் சொன்னேன். "நீ சொல்லிட்டேல்ல, விடு," என்றார்.

அக்டோபர் 26, ஞாயிறு

டிக்கெட் எடுத்துவிட்டார்கள். மூன்று.

பெரியம்மா, அண்ணன், அம்மா.

எனக்கு அந்த வாரம் ஆண்டிறுதிப் பரீட்சை. அது பெரியம்மாவுக்கு எப்படித் தெரியும்? நான்தான் சொன்னேன். பள்ளி நாள், பரீட்சை நாள், விடுமுறை நாள் எல்லாவற்றையும் அந்தத் தாளின் ஓரத்தில் நானே எழுதிக் கொடுத்தேன்.

"பரீட்சைய விட்டுட்டா வரப்போற? படிக்கிற பிள்ள," என்றார் பெரியம்மா. நான் போனை வைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு அண்ணன் பின்னால் சொன்னது கேட்டது: "நல்லதாப் போச்சும்மா. அவளக் கூட்டிட்டுப் போனா ஒவ்வொரு போர்டையும் நின்னு படிப்பா. சிலைக்கெல்லாம் வணக்கம் சொல்லுவா."

பெரியம்மா சிரித்தார். நன்றாகச் சிரித்தார்.

ஆமா, படிப்பேன். அதுக்குத்தானே போறது?

நவம்பர் 25, செவ்வாய்

கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருக்கிறது. விமலன் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். குடை பிடித்த தவளைப் படம் ஒன்று பதிலாக வந்தது.

நவம்பர் 27, வியாழன்

போய்விட்டார்கள். அம்மா என் நெற்றியில் திருநீறு வைத்துவிட்டு, "உனக்கு என்ன வேணும்?" என்றார். புத்தகம் என்றேன். "எந்தப் புத்தகம்?" எதுவானாலும், அந்த ஊர்க் கடையின் முத்திரை இருக்க வேண்டும். இன்றிலிருந்து லூசி ஆன்டி வீட்டில் இருக்கிறேன். நாளை கணிதம்.

நவம்பர் 29, சனி

புடவை எடுத்துவிட்டார்களாம். பாக்கு நிறம், தந்த நிறக் கரை. அம்மா போனில் காட்டினார். பின்னால் மழைச் சத்தம். "பெய்யுதுடி, இங்க நிக்கவே மாட்டேங்குது," என்றார், ஏதோ அதிசயத்தைப் பார்த்தவர்போல.

டிசம்பர் 1, திங்கள்

நேற்றிலிருந்து யாருக்கும் போன் போகவில்லை. செய்தியில் இடுப்பளவு தண்ணீர் காட்டுகிறார்கள். லூசி ஆன்டி ஜெபமாலையோடு உட்கார்ந்திருக்கிறார். எனக்கும் ஒன்று கொடுத்தார். வைத்திருக்கிறேன்.

அறிவியல் பரீட்சையில் பருவக்காற்று வந்தது. எல்லாம் சரியாக எழுதினேன். எழுதி முடித்துக் கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

பெரியம்மா அழைத்தார்.

"கூறை நனஞ்சிருச்சுடி."

"அம்மா எங்க பெரியம்மா?"

"சாயம் கரையில எறங்கிருச்சு. அவ்வளவு பாத்துப் பாத்து எடுத்தது..."

"அம்மா எங்க?"

"இருக்கா, இருக்கா. நல்லாத்தான் இருக்கா. கால்ல தையல் போட்டிருக்கு."

தங்கியிருந்த இடத்துக்குள் தண்ணீர் வந்து வேறிடம் போகும்போது புடவை மூட்டையை அம்மா தலையில் தூக்கி வந்திருக்கிறார். பெரியம்மா கையில் கைப்பை. அண்ணன் கையில் குடை. மூடியில்லாத சாக்கடைக் குழி தண்ணீருக்கடியில் தெரியவில்லை. அம்மா விழுந்ததும் அண்ணன் முதலில் மூட்டையைத்தான் பிடித்தாராம். பெரியம்மா இதைப் பெருமையாகச் சொன்னார்.

கடைசியில், "ஏன்டி, இப்படி வரும்னு நீ அழுத்திச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்.

"சொன்னேனே பெரியம்மா."

போன் வைக்கப்பட்டது.

டிசம்பர் 6, சனி

அம்மா வந்துவிட்டார். வலது கால். குதிகாலிலிருந்து விரல்வரை கட்டு. தையல் மெஷின் மிதியை இடது காலால் அழுத்திப் பழகுகிறார்; துணி கோணிக்கொண்டு போகிறது.

புத்தகம் வாங்கவில்லை. கடைக்குப் போக முடியவில்லை என்றார். நான் கேட்கவே இல்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

பூச்சோங்கிலிருந்து செய்தி மாறி வருகிறது. பத்து நாளைக்கு முன்னால் நான் அழுத்திச் சொல்லவில்லை. இப்போது அந்த மாதத்தைச் சொன்னதே நான்தானாம். லூசி ஆன்டியைக் காய்கறிப் பாசாரில் பார்த்த பெரியம்மாவின் தோழி ஒருவர், "அந்தப் படிக்கிற பிள்ளைதானே நாள் பாத்துக் கொடுத்துச்சாம்?" என்று கேட்டிருக்கிறார்.

எப்படி ஒரு மனுஷி இப்படிச் சொல்ல முடியும்? அத்தனை பேர் உக்காந்திருந்தோமே. நண்டு தின்னோமே.

அம்மாவுக்குத் தெரியும். அம்மா அங்கே இருந்தார். அது போதும்.

ஜனவரி 25, ஞாயிறு

இன்று பரிசம், ரவாங்கில், பெண் வீட்டில். ஒழுங்காக எழுத வேண்டும்.

தட்டுகளை வரிசையாக வைத்தார்கள். பெண்ணின் அம்மா கூறையைப் பிரித்தார். தந்த நிறக் கரையில் ஒரு முழத்துக்குப் பாக்கு நிறம் இறங்கியிருந்தது. அது தெரியாமல் உள்மடிப்பில் வைத்துத்தான் கட்டிக் கொண்டுபோனோம். அவர் நேராக அந்த மடிப்பைத்தான் எடுத்தார்.

"என்ன சம்பந்தி, கட்டுறதுக்கு முன்னாடியே கறையா?"

பெரியம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அத ஏன் கேக்கிறீங்க? இதோ நிக்கிறாளே, என் தங்கச்சி மக, இவதான் மாசம் பாத்துச் சொன்னா. சின்னப் பிள்ள பேச்ச நம்பிப் போயி வெள்ளத்துல மாட்டிக்கிட்டோம்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன்.

பெரியம்மாவும் அம்மாவைப் பார்த்தார். "ஏன் மலர், அப்படித்தானே?"

அம்மா ஊன்றுகோலை மாற்றிப் பிடித்துக்கொண்டார். "ஆமா சம்பந்தியம்மா. பிள்ள தெரியாமச் சொல்லிட்டா."

பெண்ணின் அம்மா சிரித்துவிட்டார். "படிச்ச பிள்ளைங்க எல்லாமே இப்படித்தான்." கூடமும் சிரித்தது. கறை மறந்துபோனது. எவ்வளவு எளிது.

"மன்னிச்சுக்குங்க ஆன்டி," என்றேன். குரல் நடுங்கவில்லை. இந்த முறை நிச்சயமாக நடுங்கவில்லை.

ஜனவரி 26, திங்கள்

அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னார், ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டே, தலை தூக்காமல்: "வீடு அவங்களோடதுடி."

பிப்ரவரி 9, திங்கள்

எழுத ஒன்றும் இல்லை. ஆணியைப் பிடுங்கிவிட்டேன்.

மார்ச் 1, ஞாயிறு

கல்யாணம் போன வாரம் முடிந்தது. இன்று பூச்சோங்கில் பெண் வீட்டாருக்கு விருந்து. மறுபடியும் நண்டு. மேசைக்குப் பிளாஸ்டிக் விரிப்பு வாங்கியிருந்தார்கள்.

சம்பந்தியம்மாவும் பெரியம்மாவும் இப்போது ஒட்டிக்கொண்டார்கள். இருவரும் சேர்ந்து சென்னை போகிறார்களாம். கோயில் கோயிலாகப் பார்க்க வேண்டுமாம், செருப்பைக் கழற்றிவிட்டுப் பிரகாரம் சுற்ற வேண்டுமாம். மே மாதம் டிக்கெட் மலிவு விற்பனை.

"எங்க நம்ம வானிலை அம்மா? மே மாசம் எப்படிம்மா? மறுபடி வெள்ளத்துல தள்ளிறாத," என்றார் சம்பந்தியம்மா. எல்லாரும் சிரித்தார்கள். பெரியம்மா ஏர்கானுக்கு நேராக உட்கார்ந்து, அது போதாமல் விசிறிக்கொண்டிருந்தார்.

நான் வாயைத் துடைத்துக்கொண்டேன்.

"நல்ல மாசம் ஆன்டி. ஒரு சொட்டு மழைகூட இருக்காது."

"பாத்தியா, இப்பத்தான் கத்துக்கிட்டிருக்கா," என்றார் பெரியம்மா. பிறகு அம்மாவிடம், "மலர், நீயும் வா. சாமான் பாத்துக்க ஆள் வேணும்."

அம்மா என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தச் சிவப்புச் சுண்ணக்கட்டியைத் தந்தது அம்மாதான். எரியுது பாரு என்று சொன்னதும் அம்மாதான்.

"கால் ஆகாதுக்கா," என்றார், "நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. பிள்ள பாத்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

நண்டுக் கால் ஒன்றைக் கடித்து உடைத்து, சதையை எடுத்து என் தட்டில் வைத்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா எனக்கு ஜன்னல் பக்கம் இடம் விட்டார்.