அடியில் வைத்த அதிர்வு

அன்புள்ள ஜெபிஷா அப்பாவுக்கு,

ஞாயிறு ஆராதனையில் உங்கள் மூவரையும் பெயர் சொல்லி ஜெபித்தேன். நான் சுகம். அத்தைக்கு முழங்கால் எப்படி? பாப்பாவுக்குச் சளி இறங்கியதா?

நேற்று ஸ்டுடியோவில் ஒரு வேடிக்கை. ஒரு சண்டைக் காட்சிக்குப் பெரிய வெடிச்சத்தம் வேண்டும் என்றார் சார். கம்ப்யூட்டரில் சிந்தசைசரைத் திறந்து, பட்டென்று தெறிக்கும் சத்தம் ஒன்று செய்தேன். கல்யாண வெடி மாதிரிதான் இருந்தது. அதன்மேல் மணல் கொட்டுகிற சரசரப்பை அடுக்கினேன். கடைசியில் நெஞ்சுக்குள் இறங்குகிற கனத்த அதிர்வு ஒன்றை அடியில் வைத்து, மூன்றையும் சேர்த்து ஓடவிட்டேன். மறுநிமிடம் மொட்டை மாடியில் நிற்கிறேன், எந்தப் பக்கம் புகை என்று பார்த்துக்கொண்டு!

பின்னாலேயே வந்த சார், "என்ன ரீனா, உன் சத்தத்துக்கு நீயே ஓடுறே?" என்று சிரித்தார்.

"எங்க ஊர்ல இது கேட்டா, எந்தப் பட்டாசுக் கம்பெனின்னுதான் சார் முதல்ல பார்ப்போம்," என்றேன்.

போனைக் கம்பெனி கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவீர்கள் என்று தெரிந்தும் உங்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் அத்தைதான் எடுத்தார்கள். "இந்தா, அவன் இங்கன உக்காந்து சாப்பிடுதான். எதுக்கு இம்புட்டு பதறுத?"

சாருக்குச் சத்தம் பிடித்துவிட்டது. அடி அதிர்வை மட்டும் இன்னும் கூட்டச் சொல்கிறார். இந்த வாரம் முழுக்க அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

பார்சலில் பாப்பாவுக்குக் கவுன் வைத்திருக்கிறேன். அளவு சரியா என்று சொல்லுங்கள். அவள் சிரிப்பதைப் பதிந்து அனுப்புங்கள். தினமும் கேட்டில் போன் கைக்கு வந்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். பேச வேண்டாம், வேனைத் தவறவிடாதீர்கள். மணி அடித்தால் போதும்.

சார் கூப்பிடுகிறார்.

ரீனா