முரளியின் தோல்

மார்ச் 3, திங்கள்

காலையிலேயே வெயில். பஸ்ஸில் ஜன்னல் சீட். கூனிமேடு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். முரளியின் பைக் மேல் பால் வண்டி ஏறிய இடம்.

கருமாதிக்கு முன்னாலேயே வேலைக்குக் கிளம்பிட்டா என்று ஓரகத்தி வாசலில் நின்று சொன்னது காதில் விழுந்தது. விழட்டும் என்றுதான் சொன்னாள். நான் என்ன செய்ய? மருந்துத் தண்ணீர் மாற்றாவிட்டால் செல்கள் செத்துவிடும். அவருடைய செல்கள்.

தீக்காயத்தின் மேல் போர்த்தத் தோல் வளர்ப்பது எங்கள் லேப் வேலை. அதற்கு நோயில்லாத ஆளிடமிருந்து பொட்டு அளவு தோல் வேண்டும். ஆள் கிடைக்காமல் அலைந்தபோது முரளி சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து நின்றார். அதே கட்டடத்தில் ஃபெசிலிட்டி வேலை. ஏசி, ஜெனரேட்டர், நாற்காலி, டீ மிஷின் எல்லாம் அவர் பொறுப்பு. "சேர் குடுத்தேன், டீ குடுத்தேன், தோலும் எடுத்துக்குங்க மேடம்." அப்போது நான் மேடம். கல்யாணம் அப்புறம்.

உறைய வைத்திருந்ததில் கடைசிக் குப்பியைப் போன மாதம்தான் வெளியே எடுத்தேன். இன்று மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். செழிப்பாக இருக்கின்றன. சனியன்கள். ஆள் போனது தெரியாமல்.

மார்ச் 4, செவ்வாய்

செய்ய வேண்டியது: லேப் தலைவி மேடத்துக்கு ரிப்போர்ட். கையுறை ஆர்டர். மு.வின் ஆக்சஸ் கார்டைத் திருப்பித் தர.

மதியம் மெயில். என் நாற்காலி ஆடுகிறது என்று ஜனவரியில் போட்ட புகார் முடிக்கப்பட்டதாம். பொறுப்பாளர்: முரளி. சேவைக்கு எத்தனை ஸ்டார் தருவீர்கள்? பாத்ரூமில் போய் அழுதேன். நாற்காலி இன்னும் ஆடுகிறது.

சாயங்காலம் ஒரு முட்டாள்தனம். அத்தை மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. மகன் போனதிலிருந்து உப்பளத்துக்கும் போகவில்லை. சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன்: அவர் தோல் கொஞ்சம் லேபில் உயிரோடு இருக்கிறது, நான்தான் பார்த்துக்கொள்கிறேன் என்று. அத்தை திரும்பி என்னையே பார்த்தார். பிறகு ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மார்ச் 6, வியாழன்

புழுக்கம். மூத்தார் ஞாயிற்றுக்கிழமை கருமாதிக்குச் சமையல்காரரைக் கூட்டிவந்தார். வேண்டாம், அனுப்பிவிடு என்றார் அத்தை.

"உசுரோட இருக்கிறவனுக்கு எப்படிடா கருமாதி பண்ணுவ?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மூத்தார் தனியே கூப்பிட்டு, படித்த பெண் பேசுகிற பேச்சா இது என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். என் வாய்க்குப் பூட்டுதான் போட வேண்டும்.

அத்தைக்கு விளக்கினேன். அது முரளி இல்லை. பேசாது, வளர்ந்து ஆளாகாது. அத்தை கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "காட்டு" என்றார்.

மேடத்திடம் போனில் கேட்டேன். சனிக்கிழமை கூட்டிவரலாம் என்றார்.

உண்மையில் அத்தையைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை. தினமும் ஓடிப்போய்ப் பார்ப்பது யார்?

மார்ச் 8, சனி

அத்தைக்குக் கவுன், தொப்பி, கையுறை. அதற்கு முன் கையில் ஸ்பிரிட். விரலெல்லாம் வெடிப்பு, எரியும் அத்தை என்றேன். உப்பிலேயே எரியாததா என்றார்.

மைக்ராஸ்கோப்பில் ரொம்ப நேரம் பார்த்தார். நெத்திலி மாதிரி இருக்கிறது என்றார். இதில் அவன் எங்கே என்று கேட்டார். எல்லாமே அவர்தான் என்றேன். எத்தனை நாள் இருக்கும்? பெருகிப் பெருகி ஒரு கட்டத்தில் நின்றுவிடும், அப்புறம் சாகும் என்றேன்.

"அப்ப என் புள்ள இன்னொரு தடவ சாவானா?"

அத்தை மைக்ராஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுத்தார்.

"என்னால முடியாதும்மா. இப்பவே முடிச்சிடு."

மேடத்துக்கு போன். ஆறு மாத வேலை போகும். "சரிம்மா. டோனர் விலகிட்டாருன்னு எழுதிக்கலாம்."

பிளீச்சிங் தண்ணீரை அளந்து எடுத்தேன். பாதி மேஜையில் சிந்தியது. திரும்ப எடுத்தேன். ஊற்ற முடியவில்லை. என்னால் முடியவே இல்லை. அத்தை என் கையிலிருந்து வாங்கினார். பெரிய கையுறைக்குள் விரல்கள் தடுமாறின. ஊற்றினார். செல்கள் இருந்த இளஞ்சிவப்புத் தண்ணீர் வெளுத்துப்போனது. ஆச்சா என்றார். ஆச்சு அத்தை என்றேன்.

பஸ்ஸில் கூட்டம். பாதி வழியில் அத்தை, நாளைக்குக் கருமாதிக்கு எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்று கேட்டார். பிறகு முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார்.

"நல்லவேள நானே ஊத்துனேன். நீ ஊத்தியிருந்தீன்னா, சாவுற வரைக்கும் உன்ன மன்னிச்சிருக்க மாட்டேன்."